பலகாரத் தட்டும் செஞ்சுருளும்

அச்சிட்ட வாழ்த்து அட்டைகளும் பின்னர் அலைபேசித் திரைகளும் வருவதற்கு முன்பு, தமிழர் பண்டிகை நாளில் ஒருவரையொருவர் கண்டுகொண்ட முறை பெரும்பாலும் ஒரு கேள்வியாகவோ ஓர் அழைப்பாகவோதான் இருந்தது. பொங்கலன்று பக்கத்து வீட்டாரைப் பார்த்ததும் ‘பால் பொங்கிச்சா?’ என்று கேட்பதும், ‘பொங்கிச்சு’ என்ற பதிலைக் காதில் வாங்கிய பிறகே நகர்வதும், தீபாவளி விடியலில் சில குடும்பங்களில் ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று விசாரிப்பதும் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. நோன்பு என்ற சொல்லின் பேச்சு வடிவமான ‘நோம்பி’ என்பதைக் கொண்டே எல்லாப் பண்டிகைகளையும் குறிக்கும் கொங்கு வட்டாரத்தில், ‘நோம்பிக்கு வந்துருங்க’ என்னும் அழைப்பே வாழ்த்தின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. இவற்றுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. கேட்டவர் பதில் வரும்வரை நிற்க வேண்டும். அழைத்தவர் வந்தவருக்கு இலை போட வேண்டும். ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில் அனுப்பக்கூடிய வாழ்த்துச் செய்திக்கு இந்தக் கடமை இல்லை என்பதால்தான், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பெற்றவர் மனத்தில் தங்குவதில்லை.

இந்த விசாரிப்பின் மறுபாதி பலகாரத் தட்டு. தீபாவளி முறுக்கும் அதிரசமும் தெருவில் வீடு வீடாகப் போவதும், ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சி தூக்குப் பாத்திரத்தில் பக்கத்து வீட்டுக்கு வருவதும், கிறிஸ்துமஸ் கேக்கின் துண்டு மற்ற மதத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கென எடுத்து வைக்கப்படுவதும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மத நல்லிணக்கம் என்ற பெருஞ்சொல் இல்லாமலே நடந்துவரும் காரியங்கள். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பித் தரக்கூடாது என்பது இதன் எழுதாத விதி. வீட்டில் வேறொன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது அதில் வைத்துத் தருவார்கள். கொடுப்பதற்கு நல்ல மனம் இருந்தால் போதும், ஆனால் இன்னொரு வீட்டு அடுப்பில் வெந்ததை வாங்கி உண்பதற்கு நம்பிக்கை வேண்டும். ஆகவே ஒரு பண்டிகையில் ஒரு வீட்டின் தட்டு மட்டும் வாங்கப்படாமல் நின்றுபோனால், அல்லது வாங்கப்பட்ட பலகாரம் கொல்லைப்புறத்தில் கொட்டப்பட்டால், அந்த வீட்டைப் பற்றி ஊர் என்ன முடிவு கட்டிவிட்டது என்பதை வேறு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் குடும்பங்கள் சந்தித்த புறக்கணிப்பு பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறிய, சத்தமில்லாத செயல்களாலேயே ஆனது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக உழைக்கும் தன்னார்வலரின் பணியையும் மனமார்ந்த பண்டிகை வாழ்த்தையும் ஒருசேர வைத்துப் பார்க்கவேண்டிய இடம் இதுவே. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை அதற்குரிய வரலாற்றை உடையது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரியும் இம்மலை, மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்களின் நிலம். இங்கே ‘மலையாளி’ என்பது மலையை ஆள்பவர் என்ற பொருளுடையது. கேரளத்து மொழியோடு அதற்குத் தொடர்பில்லை. ஊர்த் தொகுதிகளை ‘நாடு’ என்று அழைக்கும் பழைய வழக்கு இன்னும் உயிரோடிருப்பதால், ஊராட்சிகளின் பெயர்களே வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என்று அமைந்திருக்கின்றன. சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவிய பிறகு, கிழங்கு மூட்டைகளை ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறக்க லாரிகள் அந்த 70 வளைவுகளையும் ஏறி வருகின்றன. கீழே இருக்கும் நாமக்கலோ லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் நாடு முழுவதும் ஓடும் சரக்கு வண்டிகளுக்கும் பெயர்பெற்ற ஊர். ‘லைனுக்குப் போயிருக்கிறார்’ என்றால், அந்த வீட்டு ஆண் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், வடக்கே எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் இருக்கிறார் என்று பொருள்.

எச்.ஐ.வி. என்பது உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைப் படிப்படியாகக் குறைக்கும் ஒரு வைரசின் பெயர். சிகிச்சையின்றி விட்டால் பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆற்றல் சரிந்து பலவகை நோய்கள் ஒன்றாகத் தாக்கும் நிலையே எய்ட்ஸ். இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணியது தொடக்ககாலப் பிழைகளில் முக்கியமானது. இந்தியாவில் இத்தொற்று இருப்பது 1986-இல் சென்னையில்தான் முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது, அவற்றுள் சிலவற்றில் தொற்று தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் நாமக்கல் நாட்டின் மிகுதொற்று மாவட்டங்களுள் ஒன்றாகக் கணக்கிடப்பட்டது. லாரித் தொழில் அதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் ஓட்டுநரைக் குற்றவாளியாக்கிய பேச்சு, நீண்ட பிரிவையும் தூக்கமற்ற இரவுகளையும் கூலிக்காக ஏற்றுக்கொண்ட ஒரு தொழிலாளியை மறந்துவிட்டது. வீட்டுக்கு வெளியே எங்கும் போகாமலே தொற்றைப் பெற்ற மனைவியையோ அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கொல்லிமலைக்கும் புறக்கணிப்பின் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு எய்ட்ஸுக்கு முந்தியது. 1910-களில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் இம்மலையில் குடியேறி மருத்துவமும் கல்வியும் சமயப் பணியும் செய்தனர். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் இம்மலையிலேயே பிறந்தார். பிற்காலத்தில் அவர் பதிவுசெய்த இளமை நினைவுகளுள் ஒன்று, ஒரு நாள் வீட்டு முற்றத்துக்கு வந்த தொழுநோயாளிகள் மூவரைப் பற்றியது. தந்தை கையுறை அணிந்து, அவர்களுடைய கால்களைக் கழுவி, மருந்திட்டுக் கட்டினார். தாய் ஒரு கூடையில் உணவு கொண்டுவந்து வைத்தார். அவர்கள் கூடையை விட்டுவிட்டுச் சென்ற பிறகு, அதை எடுக்க ஓடிய சிறுவன் தடுக்கப்பட்டான், கூடை எரிக்கப்பட்டது, வந்தவர்களைத் தொட்டே இராத பிள்ளைகளின் கைகள் தேய்த்துத் தேய்த்துக் கழுவப்பட்டன. தொழுநோய் எளிதில் தொற்றுவதன்று என்பதும், மனிதருள் பெரும்பாலோருக்கு அதற்கெதிரான இயற்கையான எதிர்ப்பாற்றல் உண்டு என்பதும் தெளிவாக விளங்காத காலம் அது. பிறருக்காக மலையேறி வந்து, தன் உயிரையே அம்மலையில் விட்ட ஒரு குடும்பத்தின் கையாலேயே அந்தக் கூடை எரிந்தது என்பதுதான் இந்நிகழ்ச்சியை மறக்க முடியாததாக்குகிறது. அன்பு இருந்தும் அறிவு வந்து சேராத இடத்தில் கூடை எரியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

ஜெஸ்ஸி 1929-இல், மலேரியாவின் கடுமையான விளைவான கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். பால் பிராண்ட் மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்; வலுவற்றிருக்கும் என எண்ணிய பிடி அவருக்கு வலியெடுக்கும் அளவுக்கு இறுகியது. கையின் தசைகள் முற்றாகச் செத்துவிடவில்லை என்று உணர்த்திய அந்த ஒரு தொடுதலிலிருந்து, நல்ல நிலையிலுள்ள தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை சிகிச்சை முறையை அவர் வளர்த்தெடுத்தார். ஒரு நோயாளியின் தோளில் அவர் இயல்பாகக் கைவைத்துப் பேசியபோது அம்மனிதர் அழத் தொடங்கியதும், பல ஆண்டுகளாகத் தம்மை யாரும் தொட்டதில்லை என்பதே அந்த அழுகைக்குக் காரணம் என்று உடனிருந்தவர் விளக்கியதும் அவருடைய நினைவுகளில் இடம்பெற்றவை. கூடை எரிந்த முற்றத்தில் நின்ற சிறுவனே அந்தக் கைக்குரியவன் என்பதைக் கொல்லிமலை பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். எவலின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்குத் திரும்பி, முதுமையிலும் குதிரையேறி ஊர் ஊராகச் சென்று, 1974 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு தம் 95-ஆம் வயதில் மறைந்தார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கருகே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். அந்த ஊர்ப் பெயரின் பொருள், வாழ வந்தவள்.

எச்.ஐ.வி.யின் வரலாற்றில் இதே கையுறை மீண்டும் வருகிறது. 1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான தனிப்பிரிவைத் திறந்துவைத்த இளவரசி டயானா, நோயாளி ஒருவரின் கையைக் கையுறையில்லாமல் பற்றிக் குலுக்கிய படம், அப்போது வெளிவந்த பல துண்டறிக்கைகள் செய்ய முடியாததைச் செய்தது. தொடுவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், கொசு கடிப்பதாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும் எச்.ஐ.வி. பரவுவதில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், கிருமி நீக்கப்படாத ஊசி, தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில் மட்டுமே அது பரவும். தாய்வழிப் பரவலையும் உரிய மருந்தினால் நூற்றில் ஐந்துக்கும் கீழே குறைக்க முடியும். இவ்வளவு எளிய செய்தியைக் கொண்டுசேர்க்கத் தமிழ்நாடு நெடுங்காலம் அச்சத்தையே கருவியாக்கியது. மண்டையோட்டுப் படமும் ‘ஆட்கொல்லி’ என்ற அடைமொழியும் நோயைப் பற்றிய பயத்தை உண்டாக்கியதைவிட நோயுற்றவரைப் பற்றிய பயத்தையே வளர்த்தன. சுவரில் மண்டையோட்டைப் பார்த்துப் பழகிய ஊர், அந்த வீட்டின் பலகாரத்தை எப்படி வாங்கி உண்ணும்?

இந்தப் போக்கைத் திருப்பியவற்றுள் ஒன்று, வியப்பூட்டும் வகையில், ஒரு கேள்வி. அமெரிக்க நிதியுதவியுடன் சென்னையின் தன்னார்வ மருத்துவ சேவை நிறுவனம் நடத்திய எய்ட்ஸ் தடுப்புத் திட்டம், 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் பேருந்துகளிலும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற வினாவை ஒட்டியது. அதுவரை வாயில் வராத ஒரு சொல்லை டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் பேசவைத்தது அந்த வினாவே. முகம் சுளித்தவர்களும் பலர்; ஆயினும் பேச்சு தொடங்கிவிட்டது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் தமிழ்நாட்டில் அமைந்ததும், இரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் சூட்டப்பட்டதும், கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் தொடங்கப்பட்டதும் இதே திசையில் சென்ற முயற்சிகள். செஞ்சுருள் என்பது, 1991-இல் நியூயார்க் கலைஞர்கள் சிலர் நோயுற்றோர்மீது கொண்ட பரிவின் அடையாளமாக உருவாக்கிய சிவப்பு நாடா. 1988 முதல் டிசம்பர் 1 அன்று கடைப்பிடிக்கப்படும் உலக எய்ட்ஸ் நாளின் சின்னமாக அது இன்று சட்டையில் குத்தப்படுகிறது. 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடையே நூற்றுக்கு ஒன்றைத் தாண்டியிருந்த தொற்று, இன்று கால் சதவீதத்துக்கும் கீழே வந்திருப்பதில் பெயர் தெரியாத பல்லாயிரம் தன்னார்வலர்களின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

அவர்களுக்கு ஆண்டு முழுவதிலும் மிகப் பயன்பட்ட காலம் பண்டிகைக் காலம். சித்திரை முழுநிலவில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் கூடும் விழா, எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பணியின் முக்கியக் களங்களுள் ஒன்றாக மாறியது இதற்கு நன்கறியப்பட்ட சான்று. கொல்லிமலையில் அதற்கு இணையான நாள் ஆடிப் பதினெட்டு. பெரியகோவிலூர் அறப்பளீசுவரரை வணங்கவும் ஆகாய கங்கை அருவியில் நீராடவும் சமவெளி மக்கள் திரளாக ஏறிவருவர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் பெயரால் அரசு விழாவும் வில்வித்தைப் போட்டியும் அப்போது நடைபெறும். அறுத்துச் சமைத்த மீன்களை மீண்டும் பொருத்தி உயிர்ப்பித்தவர் என்பது அறப்பளீசுவரரைப் பற்றிய தலபுராணம். கோயிலருகே ஓடும் ஆற்றின் மீன்களுக்குப் பொரி போடுவோர் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. தசைநார்களைப் பொருத்திய மருத்துவர் பிறந்த மலைக்கு இப்படியொரு கதை வாய்த்திருப்பது மனத்துக்கு இதமானது.

பண்டிகையைத் தன்னார்வலர் தேர்ந்தெடுப்பதற்குக் கூட்டம் மட்டுமே காரணமன்று. லைனுக்குப் போனவர் வீடு திரும்புவது ஆடிப் பதினெட்டுக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கணவன், மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசக்கூடிய நாட்கள் ஆண்டில் அவ்வளவே. ஒலிபெருக்கியில் சொல்லிச் செல்வதற்கும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதற்கும் இடையிலுள்ள தொலைவு, அச்சிட்ட வாழ்த்துக்கும் ‘பால் பொங்கிச்சா?’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவேதான். நம்பிக்கை மையத்தில் நடப்பதும் அடிப்படையில் உரையாடலே. பரிசோதனைக்கு முன் ஆலோசகர் பேசுவார். ஒப்புதல் பெற்றபின் சிறிதளவு இரத்தம் எடுக்கப்படும். முதல் சோதனையில் தொற்று தென்பட்டால் வேறு வகைச் சோதனைகளால் அது உறுதிசெய்யப்படும். முடிவு உரியவரிடம் மட்டும், மீண்டும் ஒரு பேச்சோடு, தரப்படும். கட்டணம் கிடையாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் இந்த ஒப்புதலையும் இரகசியத்தையும் உரிமையாக்கி, வேலை, கல்வி, குடியிருப்பு, மருத்துவம் ஆகியவற்றை மறுப்பதைத் தடைசெய்கிறது. பலகாரத் தட்டை வாங்கச் சொல்லும் சட்டம் இல்லை. அது இருக்கவும் முடியாது. அந்த இடத்தை மனிதர்தான் நிரப்ப வேண்டும்.

அப்படி நிரப்பியவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் தொற்றுடன் வாழ்வோரே என்பதை நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமியின் வாழ்க்கை காட்டுகிறது. லாரி ஓட்டுநரான கணவர் வழியாகத் தமக்குத் தொற்று வந்ததை இளம் வயதிலேயே அறிந்த அவர், முகத்தை மறைத்துக்கொள்ளாமல் தம் நிலையைப் பொதுவெளியில் சொன்ன முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர். 1998-இல் வேறு சில பெண்களுடன் சேர்ந்து அவர் தொடங்கிய எச்.ஐ.வி. உள்ள பெண்களின் கூட்டமைப்பு, கணவனை இழந்தபின் புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்ட பெண்களின் சொத்துரிமைக்கும் மருத்துவ உரிமைக்கும் குரல் கொடுத்தது. ‘நோயாளி’ என்று ஒதுக்கப்பட்டவரே மற்றவரின் வாசலில் நின்று நலம் விசாரித்தபோதுதான் விழிப்புணர்வு என்ற சொல்லுக்குச் சதையும் இரத்தமும் வந்தன.

கூட்டு மருந்து சிகிச்சை, அதாவது வைரஸ் பெருகுவதை வெவ்வேறு நிலைகளில் தடுக்கும் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் ஏ.ஆர்.டி. முறை, 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு மருத்துவமனைகளில் படிப்படியாக இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் ஆகிய மூன்றும் பெரும்பாலோருக்கு ஒரே மாத்திரையாக, நாளுக்கு ஒரு வேளை தரப்படுகின்றன. தவறாமல் உட்கொண்டு இரத்தத்தில் வைரசின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை. தவறவிட்டால் மருந்தை எதிர்த்து நிற்கும் வலிமையை வைரஸ் பெற்றுவிடக்கூடும். மருந்து தவறும் நாட்களுள் பண்டிகை நாளும் ஒன்று என்பதை ஆலோசகர்கள் அறிவர். வீடு நிறைய உறவினர் வந்திருக்கையில் மாத்திரைப் புட்டியை அலமாரியிலிருந்து எடுக்க முடியாமல், அரிசிப் பானைக்குள்ளோ துணி மூட்டைக்குள்ளோ ஒளித்து வைத்து, ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று விட்டுவிட்டு, விருந்தினர் கிளம்பும்வரை இரண்டு மூன்று நாட்கள் அப்படியே கழிந்துவிடும்.

ஆகவே அனுபவம் மிக்க தன்னார்வலர் பொங்கலன்றும் ஓய்வெடுப்பதில்லை. செஞ்சுருளைச் சட்டையில் குத்தாமல், கையில் துண்டறிக்கை இல்லாமல், மற்ற விருந்தினரைப் போலவே அந்த வீட்டுக்குள் நுழைந்து ‘பால் பொங்கிச்சா?’ என்று கேட்டு, இலையில் வைத்த சர்க்கரைப் பொங்கலை அந்த வீட்டுக் கையிலிருந்து வாங்கி எல்லோரும் பார்க்க உண்டுவிட்டு, கைகழுவும் சாக்கில் கொல்லைப்புறம் போகையில், அருகில் தண்ணீர் ஊற்றுபவரிடம் மட்டும் கேட்கும்படி தாழ்ந்த குரலில் இரண்டாவது கேள்வியைக் கேட்பார்: ‘மாத்திரை போட்டாச்சா?’